சாமியிடம் கேட்கிற கேள்வியா இது

உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொண்டால் இடம் தாராளம். அந்தக் கதவை மட்டும் மறைக்க வேண்டாம். எனக்கு அது தெரிய வேண்டும்.

சர்க்கரையா, பிரஷரா? இரண்டும்தானா. சரி. இன்றைக்கு இரண்டுக்கும் மாத்திரை கொடுக்கிற நாள், கூட்டம் இப்படித்தான் இருக்கும். எனக்கு ஒன்றும் இல்லை. கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு இது. லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். மகனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் உள்ளே இருக்கிறான். நான் வெளியே இருக்கிறேன்.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? அதை அவளிடம் போய்க் கேளுங்கள். ஜெபராணி என்று ஒரு நர்ஸ். "அய்யா, நீங்க வெளிய உக்காருங்க, நான் கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற தகப்பனைப் பார்த்து. அது என்ன அறை தெரியுமா? தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டி அறை. அதற்குள் இரண்டு நாற்காலியைப் போட்டுப் பேச்சு. ஆஸ்பத்திரி என்றால் ஊசி போடு, மாத்திரை கொடு, அடுத்த ஆளைக் கூப்பிடு. இங்கே உட்காரவைத்துப் பேச்சு.

ஒரு வருஷமாக இவனைக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். ஒரு ஆள் கேட்டதில்லை. உனக்கு என்னப்பா, ஏன் இப்படி ஆனாய் என்று டாக்டராகட்டும், நர்ஸாகட்டும், ஒரு ஆள் அவனிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதுதான் என் குறை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மகன் பேர் சங்கரபாண்டி. பஜாரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எது எரிந்தாலும் அவனிடம்தான் வரும். செம்புக் கம்பியை அவன் சுற்றினால் மெஷின் சுற்றினது மாதிரி இருக்கும். இருந்தது.

குடிக்கிறான். இதை இந்த ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் வெளியூர், மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அதனால் சொல்கிறேன்.

சொன்னதில்லை என்றால் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருந்த பிராந்திக் கடையை எடுக்கவைத்தது யார் என்று இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆவுடையப்பன் என்பார்கள். நான்தான். ரோட்டில் உட்கார்ந்தோம். போலீஸ் வந்து வேனில் ஏற்றினான், கல்யாண மண்டபத்தில் வைத்து லெமன் சாதம் கொடுத்தான், சாயங்காலம் விட்டான். மறுநாளும் உட்கார்ந்தோம். கடையை எடுத்துவிட்டான். ஆற்றுப் பாலம் தாண்டிக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். அங்கே வைத்துக்கொள்ளட்டும், ஊருக்குள் இல்லை. எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வை போட்ட தோளோடு வந்து, என் மகன் குடிக்கிறான் என்று இந்த வரிசையில் நின்று சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

முதல் தடவை வயிற்று வலி. போன தை மாதம். டாக்டரம்மா சின்னப் பெண், புதுசு. சீட்டில் எழுதிக்கொண்டே, "பழக்கம் ஏதாவது உண்டா?" என்றாள். சீட்டைப் பார்த்துக்கொண்டு. எங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் தெரியுமா? என் சம்பந்தியுடைய தங்கச்சி. அவள் காது ரயில் சிக்னல் மாதிரி எப்போதும் இறங்கியே இருக்கும், எது வந்தாலும் உள்ளே விடும். "எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது டாக்டரம்மா. காரம் கூடச் சேத்துக்கிடுவான், அதான்" என்றேன். அவள் எழுதினாள். கேஸ் மாத்திரை கொடுத்தாள். அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு கேள்வியா? சீட்டைப் பார்த்துக் கேட்டால் சீட்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தடவை வண்டியோடு விழுந்துவிட்டான். ஆற்றுப் பாலத்தில். திரும்பி வருகிற வழியில். அந்தப் பாலத்தில் லைட் கிடையாது, எத்தனை தடவை எழுதிப் போட்டாயிற்று. புருவத்தில் தையல். இந்த ஜெபராணிதான் போட்டாள். கிட்டே குனிந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "அண்ணே, வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தாள்.

"நாய் குறுக்க வந்துட்டு" என்றேன்.

"நீங்க கூட இருந்தீங்களாய்யா?"

"இல்ல."

"பெறகு நாய் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேச்சைப் பாருங்கள். தையல் போடுகிறவளுக்கு நாயைப் பற்றி என்ன விசாரணை? போலீஸ் ஸ்டேஷனா இது? "ஊசியப் பாத்துப் போடும்மா" என்றேன். போட்டாள். அப்போதும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஆடி மாதம். இவர்களுக்கெல்லாம் ஏதோ டிரெயினிங் கொடுத்தார்களாம். குடிக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று. டாக்டரம்மா, நர்ஸ், மாத்திரை கொடுக்கிறவர், எல்லோரும் போய்விட்டு வந்தார்கள். சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். அதோ, கிழிந்து தொங்குகிறதே, அதுதான். ஈரலைப் பச்சையாக ஒன்று, கறுப்பாக ஒன்று வரைந்திருக்கிறான். பிள்ளைகள் பார்த்துவிட்டு மாம்பழமா என்று கேட்கிறார்கள்.

ஜெபராணி கையில் ஒரு அட்டை. கிளாஸ் படம் போட்டது. வருகிற எல்லோரிடமும் அதை வைத்துக்கொண்டு, "இப்போ நான் கேக்கப் போறது எல்லாரையும் கேக்குற கேள்விதான், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்" என்று பஸ் ஸ்டாண்டு மைக்கில் சொல்கிற மாதிரி சொல்வாள். அப்புறம் கேட்பாள், குடிப்பீர்களா, எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை தடவை. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. கீரை விற்கிற பிச்சம்மாளிடமே கேட்டாள். பிச்சம்மாள், "நான் எங்க குடிக்க? என் பங்கையும் சேத்துத்தான் அந்த மனுசன் குடிக்கானே. வேணும்னா அவன் கணக்குல எழுதிக்கோ" என்றாள். வரிசையே சிரித்தது. ஆனால் ஆம்பிளை ஒருத்தன் ஆமாம் என்று சொல்லவில்லை. ஒருத்தன்கூட. "எல்லாரும் இல்லங்காக. பெறகு ஊருல பாட்டில் மட்டும் எப்படிக் காலியாகுது, காக்கா குடிக்கா?" என்று மாத்திரை கொடுக்கிறவரிடம் கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் பழக்கம் உண்டு.

எங்கள் முறை வந்தது. இவனுக்குக் கை நடுக்கம் என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். கம்பி சுற்ற முடியவில்லை, மில்காரன் மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜெபராணி அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டாள். மைக் மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அண்ணே, நீங்க எப்படி? எப்பவாவதா, தினமுமா?"

சங்கரபாண்டி வாயைத் திறந்தான். நான் பார்த்தேன். என்ன சொல்லிவிடுவானோ? பின்னால் கூட்டம். "அதெல்லாம் கிடையாதும்மா. வெத்தலகூடப் போட மாட்டான்" என்றேன்.

"அய்யா, நான் அண்ணன்கிட்டக் கேட்டேன்."

"அவன் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? பெத்தவனுக்குத் தெரியாததா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் எப்போதும் அப்படித்தான். தங்கமான பிள்ளை. எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், வரமாட்டான் என்று நான்தான் போனில் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பிடித்திருக்கிறது என்று நான் சொன்னேன். பிடித்துத்தான் இருந்தது. இந்தக் காலத்தில் அப்படிப் பிள்ளை கிடைக்குமா?

நான் எதுவும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, தனியாக வந்தேன். ஜெபராணி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மோர்ச் சோறு. எழுந்திருக்கப் போனாள். இரு, இரு என்றேன்.

"ஏம்மா, சோத்துல கலந்து குடுக்குற மாதிரி ஒரு பொடி இருக்காமே. குடிச்சா வாந்தி வருமாம். அது உங்கிட்ட இருக்கா?"

"யாருக்குய்யா?"

"தெரிஞ்ச ஒருத்தருக்கு."

என்னைப் பார்த்தாள். சோற்றை மூடி வைத்தாள். "தெரியாமக் கலந்து குடுத்தா ஆள் செத்தேகூடப் போயிரலாம். அந்த வேல மட்டும் செய்யாதீங்க. அந்தத் தெரிஞ்சவரை இங்க கூட்டிட்டு வாங்க. நான் பேசுதேன்."

"கூட்டிட்டு வந்தா நீ எல்லார் முன்னாடியும் கேக்கியே."

"தனியா வரச் சொல்லுங்க. அவரு மட்டும்."

"தனியா எல்லாம் வர மாட்டான். நான் இல்லாம அவன் எங்கயும் போறதில்ல."

டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "அய்யா, டிரெயினிங்ல எல்லாம் சொல்லித் தந்தாங்க. எப்படிக் கேக்கணும், கோவப்படாம எப்படிப் பேசணும், அவுங்க வாயால எப்படி வரவைக்கணும், எல்லாம். அப்பா பதில் சொன்னா என்ன செய்யணும்னு மட்டும் யாரும் சொல்லித் தரல."

டிரெயினிங் சரியில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு? மேலே எழுதிப் போடு என்றேன். சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "இன்னொண்ணுய்யா. அவரைப் பட்டுன்னு நிறுத்த வச்சுராதீங்க. தினமும் குடிக்கிற உடம்பு, ஒரே நாள்ல நிறுத்தினா தாங்காது. மருந்து குடுத்து, பக்கத்துல ஆள் வச்சு, மெல்லத்தான் நிறுத்தணும்" என்றாள். இது எப்படி இருக்கிறது? குடியை நிறுத்தச் சொல்ல வேண்டியவளே நிறுத்தாதே என்கிறாள். அப்போதே தீர்மானித்துவிட்டேன், இவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

கார்த்திகை பிறந்தது. சபரிமலைக்கு மாலை போடுகிற மாதம். மாலை போட்டுவிட்டால் குடி கிடையாது, கறி கிடையாது, விடியற்காலம் குளிர்ந்த தண்ணீரில் குளியல். எத்தனை பேர் அதோடு திருந்தியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இதற்கு டாக்டர் வேண்டாம், அட்டை வேண்டாம். நாங்கள் போகிற குழுவில் ஆறுமுகசாமி என்று குருசாமி. அவரிடம் போய் இவனுக்கு நேர்ச்சை இருக்கிறது என்று சொன்னேன். சங்கரபாண்டி அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்னான், "எப்பா, ஒரு பத்துப் பதினைஞ்சு நாள் பொறுங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சுட்டுப் போட்டுக்கிடுதேன்" என்று.

"சாமிக்குக் கொஞ்சம் கொஞ்சமா என்னல?" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் மாலை போட்டாயிற்று.

மாலை போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்றவன் நானே சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். "சாமி, வாங்க. சாமி, சாப்பிடுங்க." எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கறுப்பு வேஷ்டியும் துளசி மாலையுமாக அவன் கோயிலுக்கு நடந்து போகும்போது ஊரே பார்த்தது. என் மருமகள் உலகம்மாளும் பார்த்தாள். அவள் முகத்தில் மட்டும் தெளிச்சல் இல்லை. "மாமா, இவுகளுக்கு வேர்க்குதே" என்றாள். பனியில் குளித்துவிட்டு வந்தவனுக்கு வேர்த்து ஊற்றியது. விரதம் என்றால் அப்படித்தான் இருக்கும், உடம்பில் உள்ள விஷமெல்லாம் வெளியே போகிறது என்றேன்.

மூன்றாம் நாள் பூஜையில் உட்கார்ந்திருந்தான். கை, கால் எல்லாம் ஆடுகிறது. திடீரென்று எழுந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க, தரையெல்லாம் கம்பி கெடக்கு, செம்புக் கம்பி, கரண்டு இருக்கு" என்றான். தரையில் ஒன்றும் இல்லை. கோலம்தான் இருந்தது. கண்ணைப் பார்த்தால் எங்கேயோ இருக்கிறது. சாமி வந்துவிட்டது என்று ஆறுமுகசாமி சொன்னார். சரணம் போட்டார்கள். பெண்கள் குலவை இட்டார்கள். எல்லோரும் வரிசையாக வந்து அவன் கையால் விபூதி வாங்கினார்கள். நானும் வாங்கினேன். என் நெற்றியில் பூசும்போது அவன் விரல் எப்படி நடுங்கியது என்கிறீர்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை மேல் சாமி இறங்கியிருக்கிறதே என்று.

அப்படியே விழுந்தான். பல் கிட்டிக்கொண்டது. வாயில் நுரை.

ஆட்டோவில் போட்டு இங்கேதான் கொண்டுவந்தோம். டாக்டரம்மா மீட்டிங் போயிருந்தாள். ஜெபராணிதான். மேஜையில் படுக்கவைத்து ஒருக்களித்துத் திருப்பினாள். வெளியே ஜன்னலில் எங்கள் குழுச் சாமிகள் அத்தனை பேரும், தெருவில் பாதியும். போனில் டாக்டரம்மா. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், "கடைசியா எப்போ குடிச்சாரு?"

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! "மாலை போட்ட சாமியப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? உனக்கு மாலைன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும்யா. தெரிஞ்சதாலதான் கேக்கேன். மாலை என்னைக்குப் போட்டீங்க? அதுக்கு முந்தின நாள் வரைக்கும் குடிச்சாரா?"

"ஊரெல்லாம் மூளைக் காய்ச்சல் வருது. அதைப் பாரு."

"அய்யா. காய்ச்சல்னா ஒரு மருந்து. குடி நின்னதால வந்த வலிப்புன்னா வேற மருந்து. எது முதல்லன்னு நான் டாக்டருக்குச் சொல்லணும். அண்ணன் இப்பப் பேச முடியாது. நீங்கதான் சொல்லணும். குடிப்பாரா?"

இப்படி நேருக்கு நேர் கேட்டால்? ஜன்னலில் ஆறுமுகசாமி. அவர் கையில் என் மகன் கொடுத்த விபூதி இன்னும் இருக்கிறது.

இல்லை என்றேன்.

என்ன பார்க்கிறீர்கள்? உங்கள் பிள்ளை என்றால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவன் பிழைத்து எழுந்து இதே ஊரில்தானே நடக்க வேண்டும்? அதை யோசிக்க வேண்டாமா? நான் யோசித்தேன்.

இரண்டாவது தடவை வெட்டி இழுத்தது. மேஜை தடதடவென்று ஆடியது. அப்போது உலகம்மாள் சொன்னாள். அதுவரை மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவள். "குடிப்பாக. தினமும். காலையில எந்திச்சதும் குடிச்சாத்தான் கை நிக்கும். மாலை போட்டதுல இருந்துதான் இல்ல. மாமா சொல்லுதது பொய்."

பொய் என்கிற வார்த்தை. பதினொரு வருஷமாக என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அந்த ஜன்னல் முழுக்க ஆள் இருக்கிறது.

ஜெபராணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனில் இரண்டு வார்த்தை சொன்னாள். ஊசியை எடுத்தாள், போட்டாள், இன்னொன்று போட்டாள். இழுப்பு மெல்ல நின்றது. நூற்றியெட்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே மாலையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உலகம்மாள் கையில் கொடுத்தான் ஒருத்தன். கழற்றுகிற முறை என்று ஒன்று இருக்கிறது. அதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்?

பிழைத்துக்கொண்டான். ஐயப்பன் காப்பாற்றினான், வேறு என்ன.

ஆறுமுகசாமி இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்புகிறார். கடை எடுத்த கமிட்டியில் ஒருத்தன், "அண்ணாச்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைக்காரனும் உங்களுக்கு ஒரு சால்வ போடணும்லா" என்கிறான், டீக்கடையில் வைத்து. நான் டீ குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். உலகம்மாள் வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாள். பேசுவதில்லை. அவள்தானே ஊர் முன்னால் சொன்னாள்? பேசாமல் இருக்க வேண்டியது நானல்லவா?

இப்போது குடிக்கிறதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாதம் இரண்டு தடவை இங்கே வந்து காட்ட வேண்டும் என்று. இது மூன்றாவது தடவை. கை நடுக்கம் குறைந்திருக்கிறது. கடையைத் திறக்கிறான். போன வாரம் இரண்டு நாள் வர நேரமாயிற்று. மில் வேலை என்றான். மில்காரன் மோட்டாரைத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்கிறீர்களா? வேறு மில்லாக இருக்கும். வாசனை எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியாது, ஒரு வாரமாக எனக்குச் சளி.

முதல் இரண்டு தடவையும் நான் கூடவே உள்ளே இருந்தேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். நல்லா இருக்கான், நல்லா சாப்பிடுகிறான், அந்தப் பக்கமே போகிறதில்லை. எல்லாம் சொன்னேன். இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு? வாசலிலேயே தடுத்து, நீங்கள் வெளியே இருங்கள் என்கிறாள். "எப்பா, இருங்க" என்று அவனும் சொன்னான். ஆமாம், சங்கரபாண்டி. என்னைப் பார்த்து. நான் என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறதற்குள் கதவு சாத்தியாயிற்று.

கேட்கிறதா? சத்தம் வருகிறது பாருங்கள். அவன்தான் பேசுகிறான். ஐஸ் பெட்டி உறுமுகிறதில் வார்த்தை புரியவில்லை. இவ்வளவு நேரம் அவன் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. இவ்வளவு பேச என்ன இருக்கிறது அவனிடம்? அவள் குறுக்கே ஒன்றும் சொல்கிற மாதிரி தெரியவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாள். இதற்குச் சம்பளம்.

சிரிக்கிறானா? இல்லை. அது சிரிப்பு இல்லை.

நான் எழுந்து போய்க் கதவைத் தட்டட்டுமா? என் பிள்ளை அழுகிறான், நான் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஏம்மா, என்னம்மா சொன்னே அவனை என்று கேட்க வேண்டாமா? எத்தனை கம்பத்தில் ஏறியிருக்கிறேன், மழையில், இடியில், உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கதவு ஒரு உதை தாங்காது. ஆனால் அவன் இருங்க என்று சொல்லிவிட்டான். ஒரு தடவை சொல்லியிருக்கிறான். இருக்கிறேன்.

நின்றுவிட்டது.

இருங்கள். கதவு திறக்கிறது.

"அய்யா."

என்னம்மா?

"அண்ணன் ஒண்ணு சொன்னாரு. அதை உங்ககிட்டயும் அவரே சொல்லணுங்காரு. போன வாரத்துல நடந்தது. எங்கிட்டச் சொல்லவே அவருக்கு இம்புட்டு நேரம் ஆச்சு. நீங்க உள்ள வந்து, அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாம உக்காந்து கேக்கணும். அது மட்டும் போதும். முடியுமாய்யா?"

கேட்டீர்களா? பேசாமல் உட்கார முடியுமா என்கிறாள் என்னை. அவள் அப்பா வயது எனக்கு.

வருகிறேன், போ. நீ போ. வருகிறேன்.

போக மாட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள் பாருங்கள்.

அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். போன வாரத்தில் நடந்தது என்றால் தெரியாதா எனக்கு? நானே சொல்லிவிடுவேன் அதை, ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அவன் ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஆனால் அவன் வாயால்தான் வர வேண்டுமாம். நான் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல, ஒன்றும் சொல்லாமல்...

தம்பி, ஒன்று செய்யுங்களேன். நீங்கள் வெளியூர். அவனுக்கு உங்களைத் தெரியாது, கூச்சம் இருக்காது. நீங்கள் போய் உட்கார்ந்து அவன் சொல்கிறதைக் கேட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அப்பா அனுப்பினார் என்று சொல்லுங்கள். உங்கள் பையை நான் பிடித்துக்கொள்கிறேன். போங்கள். அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.